ஹோசே அன்டோனியோ நவாரோ

ஹோசே அன்டோனியோ நவாரோ (1795–1871), டெக்சாஸ் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலமானபோது அதன் முதல் செனட் எனப்படும் மேலவையில் இடம்பெற்ற அரசியலர். வணிகரும் மாட்டுப்பண்ணை உடைமையாளரும் ஆவார். ஸ்பானியர் ஆட்சியிலிருந்த சான் அன்டோனியோவில், கோர்சிகாத் தீவிலிருந்து வந்து குடியேறிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் ஏற்பட்ட காயத்தால் ஒரு கால் ஊனமுற்ற அவர், பள்ளிப்படிப்பு குறைவாயினும் தாமே சட்டம் பயின்றார்.

மெக்சிகோ ஆட்சிக் காலத்தில் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரான நவாரோ, அமெரிக்கக் குடியேற்றத் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டினின் நண்பராக இருந்தார். அடிமைகளைக் கொண்டுவருவதை மாகாண அரசியலமைப்பு தடுத்திருந்த நிலையில், அவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அழைத்துவர இடமளித்த 1828-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் துணைநின்றது அவரது பொதுவாழ்வின் கறையாகும். 1836 மார்ச் 2-இல் நிறைவேறிய டெக்சாஸ் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட 59 பேரில், டெக்சாஸ் மண்ணிலேயே பிறந்தவர்கள் அவரும் அவருடைய தாய்மாமன் ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிசும் மட்டுமே. 1841-இல், விடுதலைபெற்ற டெக்சாஸின் குடியரசுத் தலைவர் லமார், மெக்சிகோ வசமிருந்த சான்டா ஃபேக்கு அனுப்பிய பயணக் குழுவில் ஆணையராகச் சென்று மெக்சிகோப் படையிடம் பிடிபட்ட நவாரோ, மற்றவர்கள் விடுதலையான பின்பும் சிறையிலேயே வைக்கப்பட்டு, 1845-இல்தான் தப்பி ஊர் திரும்பினார்.

டெக்சாஸ் அமெரிக்க மாநிலமாவதற்காக அதே ஆண்டில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் டெஹானோக்களின், அதாவது மெக்சிகோ வழிவந்த டெக்சாஸ் மக்களின், சார்பில் இடம்பெற்றவர் அவர் ஒருவரே. வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக்கும் சொல்லைச் சிலர் சேர்க்க முயன்றபோது, அது தம் மக்களின் உரிமையைப் பறிக்கப் பயன்படும் என்று அவர் எதிர்த்தார், அச்சொல் நீக்கப்பட்டது. எனினும் ஆப்பிரிக்கர்களையும் அவர்கள் வழித்தோன்றல்களையும் விலக்கிய விதி அப்படியே நின்றது. ஆகவே அந்த வெற்றி டெஹானோக்களுக்கு உரியதேயன்றி அனைவருக்கும் உரியதன்று.

செகின் நகரை அடுத்தும் அட்டஸ்கோசாப் பகுதியிலும் அவருக்குப் பண்ணைகள் இருந்தன. வேலியற்ற மேய்ச்சல் வெளியில் மாடுகளைத் திரியவிட்டு, உடலில் சூடுபோட்ட குறியால் உரிமையாளரை அடையாளம் காணும் முறையே அக்காலப் பண்ணைத்தொழில். மேலவைப் பணி முடிந்த பின், சான் அன்டோனியோவின் விடுதலைப் போராட்ட வரலாற்றை ஸ்பானிய மொழியில் எழுதினார். அக்கட்டுரைகள் 1869-இல் நூலாயின.

1846-இல் உருவான நவாரோ மாவட்டம் அவர் பெயரையும், அதன் தலைநகர் கோர்சிகானா அவர் தந்தையின் தாயகப் பெயரையும் தாங்கியுள்ளன. நவாரோ 1871 ஜனவரியில் காலமானார். சான் அன்டோனியோவிலுள்ள அவரது வீட்டை டெக்சாஸ் மாநில அரசு வரலாற்றுச் சின்னமாகப் பேணிவருகிறது.