அடுப்பங்கரைக்கு வந்த தீக்குச்சி: வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தொழில் ஒன்றின் வரலாறு

இல்லத்து வேலைகளில் எது அதிகக் கவலையைத் தந்தது என்று பழங்காலத்துப் பெண்களைக் கேட்டிருக்க முடியுமானால், சமைப்பதையோ குத்துவதையோ இறைப்பதையோ விட, அடுப்பில் தீயை உண்டாக்குவதையும் உண்டான தீயை அணையாமல் காப்பதையும் அவர்கள் முதலில் சொல்லியிருக்கக்கூடும். ஏனெனில் மற்ற வேலைகள் உழைப்பைக் கேட்டன என்றால், இந்த வேலை இரவும் பகலும் கவனத்தைக் கேட்டது. அந்தக் கவலையை ஒரு நொடி வேலையாகச் சுருக்கிய தீப்பெட்டி, விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலும் அவற்றை அடுத்துள்ள கோவில்பட்டிச் சீமையிலும் ஒரு நூற்றாண்டாகச் செய்யப்பட்டு வருகிறது. இந்தப் பொருளின் வரலாறு வழக்கமாகத் தொழிலதிபர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் அது இரண்டு வீடுகளின் வரலாறு என்பதே சரி: ஒன்று தீக்குச்சியை உரசிய வீடு, மற்றொன்று அந்தக் குச்சிக்கான பெட்டியைத் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிய வீடு.

வெம்பக்கோட்டையில் மக்கள் குடியிருந்த காலம் தொழிற்சாலைகளுக்கு மிகவும் முற்பட்டது. வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்தை ஒட்டிய மேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச் மாதத்தில் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் பொம்மைகள், நூல் நூற்கும் தக்களிகள், ஆட்டக்காய்கள் முதலியவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இவற்றோடு சுடுமண்ணால் ஆன புகைபிடிப்பான் ஒன்றும் கிடைத்தது என்பது இந்தக் கட்டுரைக்குச் சுவையான செய்தி, ஏனெனில் புகைபிடிப்பவனுக்கு அடுப்பளவு நெருப்புத் தேவையில்லை, சிறிய கங்கு ஒன்று அவ்வப்போது கைக்குக் கிடைத்தால் போதும். அத்தகைய நெருப்பை அக்காலத்தார் எப்படி உண்டாக்கினர் என்பதற்கு இலக்கியத்தில் தெளிவான குறிப்பு உண்டு. ஒரு கட்டையின் குழியில் இன்னொரு கோலை நட்டுக் கடைந்து தீப்பொறி எழுப்பும் கருவியைச் சங்கப் புலவர்கள் ஞெலிகோல் என்றனர், பிற்காலத்தார் தீக்கடைகோல் என்றனர். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று, வீட்டின் இறப்பில், அதாவது தாழ்ந்த கூரையின் விளிம்பில், செருகி வைக்கப்பட்ட ஞெலிகோலை அவனுக்கு உவமையாக்குகிறது. வீரத்தைப் புகழ வந்த பாடல் என்றாலும், தீயுண்டாக்கும் கருவி வீட்டில் எங்கே வைக்கப்பட்டது என்ற சிறிய இல்லச் செய்தியையும் அது காத்துத் தந்திருக்கிறது. மழையில் நனையாத, அடுப்பின் சூட்டில் ஈரம் ஏறாத, எழுந்து கை நீட்டினால் எட்டுகிற இடம் அது.

கடைகோலுக்குப் பின்னர் சிக்கிமுக்கிக் கல் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. கல்லில் இரும்பை உரசித் தெறிக்கும் பொறியை இலவம் பஞ்சில் ஏந்தி, ஊதி ஊதிக் கனலாக்குவது அதன் முறை. வழிப்போக்கரும் ஆடு மேய்ப்பவரும் மடியில் முடிந்து வைத்துக்கொண்ட கருவி இது என்றாலும், வீட்டில் இதை நாள்தோறும் பயன்படுத்துவது அரிது, ஏனெனில் காற்றும் ஈரமும் சேர்ந்தால் பொழுதே போய்விடும். ஆகவே பெரும்பாலான வீடுகளில் தீயைப் புதிதாக உண்டாக்குவதைவிடப் பழைய தீயைக் காப்பதே வழக்கமாயிற்று. இரவுச் சமையல் முடிந்ததும் கங்குகளைக் கூட்டி, எருவாட்டித் துண்டு ஒன்றை அவற்றின்மேல் வைத்து, உமியையும் சாம்பலையும் மூடிவிட்டால், விடியலில் கிளறும்போது உள்ளே கனல் இருக்கும். இது கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் சாம்பலின் அளவில் நுட்பம் இருந்தது: குறைத்தால் நெருப்பு எரிந்து தீர்ந்துவிடும், மிகுத்தால் மூச்சடைத்து அணைந்துவிடும்.

அணைந்துவிட்டால் அடுத்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். உடைந்த பானையின் ஓட்டிலோ, கொட்டாங்கச்சியிலோ இரண்டு கங்குகளை வாங்கி, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு விரைந்து வருவது பெண்களுக்கும் சிறுமியருக்கும் உரிய வேலையாக இருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஊர் ஒற்றுமையின் அடையாளமாகப் போற்றுவோர் உண்டு. அது பாதி உண்மைதான், ஏனெனில் அந்தக் கங்கு தெருவும் சாதியும் உறவும் வகுத்த எல்லைக்குள்ளேயே கைமாறியது, பகைத்துக்கொண்ட வீட்டிலும் விலக்கிவைத்த தெருவிலும் நெருப்பு கேட்க முடியாது. கடையில் காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கக்கூடிய தீப்பெட்டி, நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, இந்தத் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலையையும் நீக்கியது. அடுப்பங்கரையில் அது கொண்டுவந்த மாறுதல்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது இதுதான்.

உரசினால் எரியும் குச்சியை இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்துக் கடைக்காரரான ஜான் வாக்கர் 1827இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதை அடுத்து வந்த குச்சிகளில் வெண்பாஸ்பரஸ் சேர்க்கப்பட்டது. எந்தச் சுவரில் உரசினாலும் எரியும் அந்தக் குச்சி வாங்குவோருக்கு வசதியாக இருந்தாலும், செய்வோரின் தாடை எலும்பை அழுகச் செய்யும் கொடிய நோயையும் கொண்டுவந்தது. லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் பெண் தொழிலாளர்கள் 1888இல் நடத்திய வேலைநிறுத்தத்திற்குப் பின்னணியாக இருந்த கேடுகளில் இதுவும் ஒன்று. வெண்பாஸ்பரஸை விட்டுச் செம்பாஸ்பரஸைப் பெட்டியிலும் மற்ற வேதிப்பொருளைக் குச்சியிலும் பிரித்து வைத்தால் இந்த ஆபத்து நீங்கும் என்று கண்டவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ், ஆண்டு 1844. அதை வணிகமாக்கியவர்கள் யோன்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். இந்தியாவில் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் சட்டம் 1913இல் வந்தது. அதற்குள் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகள் துறைமுகங்களிலிருந்து சந்தைகளுக்கும், சந்தைகளிலிருந்து சிற்றூர்ப் பெட்டிக் கடைகளுக்கும் பரவத் தொடங்கியிருந்தன.

தமிழகத்தின் கரிசல் நிலத்திற்கு இந்தத் தொழில் வந்ததற்கு வரியே முதல் காரணம். தீப்பெட்டி இறக்குமதிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, 12 அணாவாக இருந்த தீர்வை 1922இல் ஒன்றரை ரூபாயாக இரட்டிக்கப்பட்டது. அரசுக்கு வருவாய் தேடி விதித்த வரி, உள்நாட்டில் ஆலை தொடங்குவோருக்குப் பாதுகாப்பு அரணாக மாறியது. ஸ்வீடனின் தீப்பெட்டி நிறுவனம் ஒன்று அந்த அரணைத் தாண்டி உள்ளே வந்து, 1923இல் விம்கோ என்ற நிறுவனத்தை நிறுவி இந்தியாவிலேயே ஆலைகளைத் தொடங்கிற்று. அதே காலத்தில் சிவகாசியின் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். முதலில் ஜெர்மன் இயந்திரங்களை நம்பித் தொடங்கிய முயற்சி கட்டுப்படியாகாமல் போகவே, குச்சியையும் பெட்டியையும் கையால் செய்யும் முறைக்கு அவர்கள் மாறினர். இயந்திரத்தை விட்டுக் கைக்குத் திரும்பியது பின்வாங்கல் போலத் தோன்றும். உண்மையில் அந்த வட்டாரத்தில் மலிவாகக் கிடைத்தது மனிதக் கையே என்பதைக் கணக்கிட்டு எடுத்த முடிவு அது.

நிலமும் வானமும் இதற்கு ஒத்துழைத்தன. மழை குறைந்த, காற்றில் ஈரம் தங்காத கரிசல் காட்டில் பசையும் மருந்தும் வெயிலில் விரைவாகக் காய்ந்தன. வானம் பார்த்த பருத்தியும் சோளமும் கம்பும் பொய்த்த ஆண்டுகளில் வேலை தேடி நின்ற குடும்பங்கள் ஊர்தோறும் இருந்தன. வெம்பக்கோட்டையைச் சுற்றியுள்ள தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை முதலிய ஊர்களின் பக்கம் இந்தத் தொழில் நகர்ந்ததற்கும் இவையே காரணம். குச்சிக்கு வேண்டிய மென்மரம் மட்டும் இங்கே விளையவில்லை. மட்டி போன்ற மரங்கள் மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வந்தன.

கைத்தீப்பெட்டி உருவாகும் விதம் பின்வருமாறு. சீவி நறுக்கிய குச்சிகளை ஒன்றோடொன்று தொடாதபடி மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்குவது முதல் வேலை. இதைக் கட்டை அடுக்குதல் என்பர். அடுக்கிய கட்டையை முதலில் உருக்கிய மெழுகில் தொட்டு எடுப்பது, தலையில் பிறக்கும் சுடர் மரத்துக்குள் இறங்க வழி செய்கிறது. பின்னர் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள் முதலியவற்றை வச்சிரப் பசையில் குழைத்த மருந்தில் முக்கிக் காய வைப்பர். பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படுவது செம்பாஸ்பரஸ். உரசும்போது அதில் ஒரு துளி சூடேறிப் பற்றிக்கொள்ள, குளோரேட் வெளிவிடும் ஆக்சிஜன் அந்தப் பொறியைச் சுடராக வளர்க்கிறது. இரண்டும் ஒரே பொருளில் இல்லாததால்தான் அரிசிப்பானைக்குப் பக்கத்திலும் குழந்தை உறங்கும் அறையிலும் இதை அச்சமின்றி வைக்க முடிகிறது. தொழிற்சாலை என்ற சொல்லை இந்த வட்டாரத்தார் மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை, அவர்களுக்கு அது தீப்பெட்டி ஆபீஸ்தான். பெட்டியின்மேல் ஒட்டிய படங்களுக்காகச் சிவகாசியில் வளர்ந்த அச்சுத் தொழில், பின்னர் நாட்டின் நாட்காட்டிகளை அச்சிடும் அளவுக்குப் பெருகியது. அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

இந்த வேலைகளில் கட்டை அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் பெரும்பாலும் பெண்களின் கைக்கே வந்தன, அதிலும் பெட்டி ஒட்டுதல் ஆபீசை விட்டு வீட்டுக்கே வந்தது. மெல்லிய மரத்தகட்டையோ அட்டையையோ தாளையோ வாங்கிவந்து, உள்பெட்டி வெளிப்பெட்டி ஒட்டிக் கொடுத்து, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்குவது முறை. சமைப்பதற்கும் தண்ணீர் எடுப்பதற்கும் இடையில் கிடைத்த ஓய்வையெல்லாம் இந்தப் பசைக்கிண்ணம் எடுத்துக்கொண்டது. தொலைவில் ஒரு பெண்ணுக்குக் காலையில் மிச்சமான நேரம், இங்கே வேறொரு பெண்ணின் பொழுதிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருந்தது. வீட்டு வருமானத்துக்கு அது உதவியதையும், கணவன் கையை எதிர்பார்க்காமல் செலவு செய்யப் பல பெண்களுக்கு அது இடம் தந்ததையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கூலி பெட்டிக் கணக்கில் இருந்ததால், எண்ணிக்கையைக் கூட்டப் பிள்ளைகளின் விரல்களும் சேர்ந்தன.

ஆபீசிலும் அதே நிலைதான். அதிகாலை இருளில் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிவந்ததை 1980களின் ஆய்வுகள் விரிவாகப் பதிவு செய்தன. தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு ஆகியவற்றின் உற்பத்தியில் குழந்தைகளை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்தது. சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம், குட்டி ஜப்பான் என்று சிவகாசிக்கு வழங்கிய பெருமைப் பெயரையே கேள்வியாகத் திருப்பிப் போட்டது. சிவகாசியின் நிலையை முன்வைத்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பு, அபாயமான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று விதித்தது. சட்டம், வழக்கு, பள்ளிகள், மதிய உணவு, இயந்திரங்களின் வருகை ஆகியவை சேர்ந்து அந்த நிலையை மாற்றின என்றாலும், எளிய பொருள் எளிய விலையில் கிடைத்ததற்கான காரணங்களில் சிறு விரல்களும் இருந்தன என்பது வரலாற்றில் நிற்கும்.

விலையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தீப்பெட்டி உற்பத்தி வரிச் சட்டம் 1934இல் வந்தது, விடுதலைக்குப் பின் கைத்தொழில் ஆபீசுகளுக்குப் பெரிய இயந்திர ஆலைகளைவிடக் குறைந்த வரி விதிக்கப்பட்டதே சிறிய ஆபீசுகள் தாக்குப்பிடிக்கப் பெரிதும் உதவியது. சரக்கு சேவை வரியில் கைவினைக்கு 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 18 விழுக்காடு என்றிருந்த வேறுபாடு 2020 ஏப்ரல் முதல் மறைந்து, எல்லாவற்றுக்கும் 12 விழுக்காடு ஆனது. 1995இல் 50 காசாகவும் 2007இல் ஒரு ரூபாயாகவும் உயர்ந்த பெட்டியின் விலை, பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்றது. செம்பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கு ஏறி, மெழுகும் அட்டையும் உடன் ஏறிய பிறகே, 2021 டிசம்பர் 1 முதல் அது 2 ரூபாயானது. அரிசியும் பருப்பும் எத்தனை மடங்கு ஏறின என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தனை காலம் விலை ஏறாத ஒரு பண்டத்தின் பாரத்தைக் கூலிக்காரரே பெரிதும் சுமந்திருப்பர் என்று கருத இடமுண்டு.

இன்று எரிவாயு அடுப்பும், அதற்குப் பொறி தரும் கைப்பொறிப்பானும் நகர்ப்புற அடுப்பங்கரையிலிருந்து தீக்குச்சியைப் பூசையறைக்கு ஒதுக்கிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த மலிவான நெகிழி லைட்டர்கள் பீடிக் கடைகளிலும் இடம்பிடித்தன. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023 ஜூன் மாதத்தில் தடை செய்தது, தொழில் அமைப்புகளும் தமிழக அரசும் வேண்டிக் கேட்டு வந்த நடவடிக்கை அது. வெம்பக்கோட்டை வட்டாரத்திலோ பட்டாசு ஆலைகள் பெருகி, தீப்பெட்டி ஆபீசில் பழகிய கைகள் பலவற்றை ஈர்த்துக்கொண்டன. தீப்பெட்டி ஆபீசில் வெந்துபோவது ஒப்பீட்டளவில் அரிது. பட்டாசு ஆலையில் ஒரு பொறி போதும். கூடுதல் கூலிக்காகக் குறைந்த ஆபத்தை விட்டு அதிக ஆபத்துக்கு மக்கள் நகர்ந்திருப்பதே இந்த வட்டாரத்துத் தொழில் வரலாற்றின் இப்போதைய நிலை.