டிங்கர் மேஸ்திரிக்கு யார் சான்றிதழ் கொடுப்பது?

மோதி நசுங்கிய காரைத் தட்டி நேராக்குபவரை நாம் டிங்கர் என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவரைக் குறித்தது. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு வேறு இரண்டு சொற்கள் பழக்கம். ஒன்று 'தோலியே'. 'தோல்' என்றால் இரும்புத் தகடு, தோலியே அந்தத் தகட்டில் வேலை செய்பவர். தமிழ்த் தோலுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் காரின் தகடு அதன் தோல்தானே! இன்னொன்று 'கரோசியே'. கரோஸ் என்பது குதிரை பூட்டிய கோச்சு வண்டி, அதைக் கட்டுபவர் கரோசியே. இந்தத் தொழிலின் வரலாறு இரண்டாவது சொல்லில் இருந்துதான் தொடங்குகிறது.

முதலில் வந்த மோட்டார் கார்கள் இன்ஜின் வைத்த கோச்சு வண்டிகளே. மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். சென்னை சிம்சன் கம்பெனி 1840-இல் கோச்சு வண்டி கட்டத் தொடங்கியது. அங்கேதான் 1903-இல் சாமுவேல் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். அந்தக் காலத்தில் வண்டி அடிபட்டால் பாதி வேலை தச்சருக்கு, மீதி கொல்லருக்கு.

அதை மாற்றியவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து எட்வர்ட் பட். மரமே இல்லாமல், பிரஸ்ஸில் அழுத்திய இரும்புத் தகடுகளை ஒட்டி முழு பாடியையும் செய்து காட்டினார். அவருடைய முறையை விலை கொடுத்து வாங்கிய ஆந்த்ரே சித்ரோவன், 1924-இல் முழு இரும்பு பாடி உள்ள காரைப் பாரிசில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1903-இல், ஃபூஷே, பிக்கார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் ஆக்சிஜனையும் அசிட்டிலினையும் சேர்த்து எரிக்கும் டார்ச்சைச் செய்திருந்தார்கள். நம்ம ஊர் பட்டறைகளில் 'கேஸ் வெல்டிங்' என்று சொல்வது அதைத்தான். இரும்புத் தகடும் கேஸ் வெல்டிங்கும் சேர்ந்தபோது தச்சர் விலகிக்கொண்டார், டிங்கர் பிறந்தார்.

நம் தலைமுறை பார்த்தது அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்தை. அம்பாசடர் 1950களின் இறுதியில் இருந்து 2014 வரை ஓடிய வண்டி. புதுத் தகடு சுலபமாகக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. ஆகவே நசுங்கிய மட்கார்டையே நேராக்கியாக வேண்டும். தட்டுப்பாடுதான் டிங்கரை வளர்த்தது என்பது என் எண்ணம்.

அது வெறும் தட்டுகிற வேலை அல்ல. தகட்டுக்கு உள்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மறு கையால் வெளிப்பக்கம் சுத்தியால் தட்ட வேண்டும். டாலி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைக் காது சொல்லும், ஏனென்றால் சத்தம் மாறும். எந்த மடிப்பு கடைசியில் விழுந்ததோ அதை முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் தகடு இன்னும் கெட்டுப்போகும். அடிபட்ட தகடு சில இடங்களில் நீண்டு உப்பி நிற்கும். அந்த இடத்தைப் பொட்டு அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, டாலி வைத்துத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றுவார்கள். தகடு சுருங்கி உட்காரும். கடைசிச் சோதனை உள்ளங்கை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை மேஸ்திரியின் கை தடவியே கண்டுபிடித்துவிடும். சேஸ் வளைந்திருந்தால் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து மூலைக்கு மூலை அளப்பார்கள். பிறகு மரத்தில் சங்கிலி கட்டி இழுப்பார்கள்.

இந்த வித்தைக்கு எழுதப்படாத படிக்கட்டு ஒன்று இருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பையனைக் கொண்டுவந்து விடுவார்கள். முதலில் டீ வாங்குவது, கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பது. அப்புறம் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது, விரல் நுனி தேய்ந்து ரேகை மறையும் வரைக்கும். அதற்குப் பிறகுதான் சுத்தி கைக்கு வரும். பிறகு கேஸ் டார்ச். பட்டி பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் தனிக் கிளை, அதன் உச்சி பழைய வண்டியின் வெளுத்த நிறத்துக்குக் கண்ணாலேயே கலர் கலப்பது. 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த டூகோ என்ற பெயிண்டின் பெயர், கம்பெனி பெயர் மறந்த பின்னும் நம் பட்டறைகளில் நெடுநாள் நிலைத்திருந்தது. எல்லாப் படியும் ஏறியவர் மேஸ்திரி. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு அவரும் முதலாளி.

படிக்கட்டு இருந்தது, காகிதம் இல்லை. எழுத்தர் வேலை பார்த்தவன் ஆனதால் இது எனக்கு உறுத்தும். அரசாங்கத்தின் கண்ணுக்கு, காகிதத்தில் இல்லாத திறமை இல்லாத திறமைதான். பிரான்சில் 1919-ஆம் ஆண்டின் அஸ்தியே சட்டம் தொழிற்கல்விக்கு வழி செய்தது. அதன் வழியில் வளர்ந்த 'செ.ஆ.பே.' என்னும் தொழில் தகுதிச் சான்றிதழ், தகட்டு வேலைக்காரருக்கும் உண்டு. அதைக் கையில் வைத்திருப்பவருக்குச் சம்பளப் பட்டியலில் ஓர் இடம் உண்டு. நம் நாட்டிலும் 1950-இல் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் வந்தது, 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. ஆனால் ரோட்டோரக் கொட்டகையில் கற்றவர் இவற்றுக்கு வெளியிலேயே நின்றார். பேங்கில் கடன் கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது.

1970களில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தபோதுதான் ஒரு கதவு திறந்தது. டென்டர், பெயின்டர் என்று விளம்பரம் வரும். நசுங்கிய தகட்டைக் கொடுத்துத் தட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவருக்கும் கை பேசியது. அந்தப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் இன்றும் நம் தெருக்களில் நிற்கின்றன.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தகடு மெல்லிசு, புது உதிரி பாகம் கிடைக்கும். தட்டுவதைவிட மாற்றுவது லாபம் என்றாகிவிட்டது. அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனியும் கம்பெனி சர்வீஸ் சென்டரும் கைகோத்துக்கொண்டு 'கேஷ்லெஸ்' என்றன. வாடிக்கையாளர் அங்கே போனார், கொட்டகை காலியானது.

இதில் வெறும் பிழைப்பு மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. மோதினால் முன்பக்கம் தானே நசுங்கி, உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது இன்றைய கார்களின் அமைப்பு. பெலா பாரெனி என்ற பொறியாளரின் யோசனை அது. 1959-இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. நம் நாட்டிலும் 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம். இப்போதைய வலுவான இரும்பில் சில வகைகளைக் காய்ச்சித் தட்டினால் பலம் போய்விடும். வெளியே பளபளப்பாக இருக்கும், அடுத்த மோதலில் கைவிட்டுவிடும். எந்தத் தகட்டைத் தட்டலாம், எதை வெட்டி மாற்ற வேண்டும், எந்தப் புள்ளியில் ஸ்பாட் வெல்டிங் வைக்க வேண்டும் என்பதற்கு இன்று கம்பெனிப் புத்தகமும் அளவு மேசையும் தேவை. பிரெஞ்சுக்காரர்கள் அந்த மேசையை 'மார்ப்ர்' என்பார்கள், அதாவது சலவைக்கல். மரத்தில் கட்டி இழுத்த காலம் போய்விட்டது, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம்.

சிறுவர்களைப் பட்டறையில் விடும் வழக்கத்தையும் சட்டம் அடைத்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் வண்டி டென்ட் தட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. அது நியாயம். பிள்ளை படிக்கட்டும். ஆனால் பழைய படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கும் மேஸ்திரி என்ன செய்வார்?

அவருக்கும் வழி இருக்கிறது. பிரான்சில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, செய்த வேலையின் அனுபவத்தையே காட்டிப் பட்டயம் பெறலாம். நம் நாட்டில் 2015-இல் வந்த திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு உண்டு. ஐ.டி.ஐ.யில் பாடி ரிப்பேருக்கும் பாடி பெயிண்டிங்குக்கும் தனித்தனியே ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. தகப்பனார் அனுபவத்துக்குச் சான்று வாங்கட்டும், மகன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து புது இரும்பின் குணத்தைப் படித்து வந்து தகப்பனாருக்குச் சொல்லட்டும். தகட்டைத் தடவி மேடு பள்ளம் அறியும் வித்தையை மகன் தகப்பனாரிடம்தான் படிக்க வேண்டும், அதை எந்த மேசையும் சொல்லித் தராது.

உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்று அவர் தயங்கினால் நீங்களே எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம் எழுதத்தானே நம்மைப் போன்ற ஓய்வு பெற்ற எழுத்தர்கள் இருக்கிறோம்!