மாமாவின் நரம்பும் மானிப்பாய் டாக்டரும்

போன மாசம் ஆணி பிடுங்கறதுக்கு லீவு விட்டுட்டு மாமாவோட கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். மூத்திரப்பையில் சின்னதா ஒரு கட்டி.

"கரண்ட் வச்சுச் சுரண்டும்போது பக்கத்துல ஓடற நரம்பு தூண்டப்பட்டா கால் துள்ளும். துள்ளினா பை ஓட்டையாகலாம். அதை மரத்துப்போக ஊசி போடுவோம். ஆனா நரம்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது" என்றார் டாக்டர்.

மாமா ஊத்துக்குளி ஆள், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். குளுக்கோஸ் ஏறின கையைக் காட்டி, "ஏங் கண்ணு, நரம்புன்னா இதுதானே?" என்றார். அது ரத்தக்குழாய். நம்ம ஊர்ல ரெண்டுமே நரம்புதான் :-)

டாக்டர் சொன்னது ஆப்டுரேட்டர் நரம்பு. இடுப்புக்கூட்டின் உள்சுவரை ஒட்டி வந்து, ஒரு துளை வழியா உள்தொடைக்குப் போகும். சிலருக்கு மட்டும் கூடவே ஒரு சின்னத் துணை நரம்பு. அது துளையில் நுழையாமல் எலும்பின் மேலேறிப் போய்விடும். கிரேயின் உடற்கூறியல் நூல், 1918 அமெரிக்கப் பதிப்பில், சுமார் 29 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது. பின்னாடி அறுத்து எண்ணின சில ஆய்வுகளில் அதில் பாதிகூட தேறவில்லை.

இந்த கிரே புத்தகம் லண்டனில் வந்தது 1858ல். அதை முக்கிய ஆதாரமா வச்சு 1872லேயே தமிழில் ஒரு நூல் வந்துவிட்டது தெரியுமா? யாழ்ப்பாணத்தில், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில்! செய்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1847ல் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். படிச்சவங்க சர்க்கார் வேலைக்குக் கிளம்பிட்டாங்க, கிராமத்துக்கு ஆள் இல்லை. (கேம்பஸ் இன்டர்வியூ அப்பவே இருந்திருக்கு.) அப்புறம்தான் பாடத்தைத் தமிழுக்கு மாற்றி, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். அறுவை சிகிச்சைக்கு 'இரணவைத்தியம்', வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்'. 1873ல் ஊர் திரும்பி 1884ல் இறந்தார். தமிழ்வழி மருத்துவப் படிப்பும் அதிக காலம் நீடிக்கவில்லை.

அவர்கிட்டப் படிச்ச யாராவது இருந்திருந்தா மாமாவுக்கு ரெண்டு நிமிஷத்தில் விளக்கியிருப்பார். நான் பில் கவர் பின்னாடி படம் போட்டு, அரைமணி நேரம் திணறினேன். கடைசியில் தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கால் துள்ளலை. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி:

"அந்த எச்சு நரம்பு எனக்கு இருக்குதா இல்லையான்னு கேட்டயா?"

கேக்கலை மாமா.