கண்ணோட்டம்

‘வரலாற்றுக் கண்ணோட்டம்’, ‘பெண்ணியக் கண்ணோட்டம்’ என்று இன்று எழுதும்போது, ஒன்றைப் பார்க்கும் கோணத்தையே குறிக்கிறோம். இச்சொல்லின் பழைய பொருள் வேறு: இரக்கம். கண் + ஓட்டம். எதிரில் நிற்பவர்மேல் கண் ஓடுகிறது. மனமும் பின்னால் போகிறது. ‘கண்ணோடுதல்’ என்ற வினைக்கும் இரங்குதல் என்றே பொருள்.

திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு இதுவே பெயர். அது இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அன்பும் அருளும் அறத்துப்பாலில் இருக்க, கண்ணோட்டம் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில், வெருவந்த செய்யாமைக்கும் ஒற்றாடலுக்கும் நடுவே இருக்கிறது. முன்னது குடிகளை அஞ்ச வைக்காதே என்கிறது. பின்னது உளவறியச் சொல்கிறது. ஆள்பவனுக்கு இந்த இரக்கம் தேவை என்று வள்ளுவர் கருதியது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. ஆனால் கடமை கெடாதபடி இரங்கு என்றும் அங்கேயே வரம்பு கட்டுகிறார். மனு வாங்கும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் படிக்க வேண்டிய அதிகாரம் இது.

உரையாசிரியர்கள் இதைப் பழகியவர் கேட்டதை மறுக்கமாட்டாத குணம் என்று விளக்குவர். பேச்சில் நாம் ‘தாட்சண்யம்’ என்பது ஏறக்குறைய இதுதான். அருள் எல்லா உயிர்க்கும் உரியது. முன்பின் பார்த்திராதவருக்கும் சுரக்கும். கண்ணோட்டத்துக்கோ நேரில் ஒரு முகம் வேண்டும். ‘கண்ணிலே ஈரமே இல்லை’ என்று கல்நெஞ்சரைச் சொல்லும் வழக்கில், இரக்கத்தின் இடம் இன்றும் கண்தான்.