அனுமதிப் படிவத்திற் புறக்கிருத்தியங்கள் - ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரி அனுமதி நாடும் மாணவனொருவன் பரீட்சைப் பெறுபேறுகளோடு விளையாட்டு, நாடகம், விவாதம், சமூகசேவை முதலாய தன் புறக்கிருத்தியங்களையும் நிரற்படுத்திக் காட்டுகின்றான். 1975 இல் 15 தனியார் கல்லூரிகள் கூடி ஆரம்பித்த பொது விண்ணப்பப் படிவம் இன்று பத்துச் செயற்பாடுகள் வரை குறிப்பிட இடந்தருவது. ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் செலவாயிற்று என்பதையும் அது கேட்கும். கூறியன யாவும் உண்மையே என்று ஈற்றிலே கையொப்பமும் இடல் வேண்டும். இக்கையொப்பத்தைப் பற்றிப் பேசுவோர் மாணவனின் ஒழுக்கத்தையே பெரிதும் ஆராய்வர். அவ்வினாக்கள் படிவத்தில் ஏன் இடம்பெற்றன என்பதை நோக்குவார் குறைவு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாவாட் போன்ற கல்லூரிகளுக்குப் பரீட்சையே வாயிலாக இருந்தது. இலத்தீன், கணிதம் முதலிய பாடங்களிற் சித்தியெய்தியவன் உள்ளே சென்றான். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சில பாடங்களிற் தவறினாலும் நிபந்தனையுடன் சேர்க்கப்பட்டனர் என்பதும் மறத்தற்குரியதன்று. எனினும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதரின் பிள்ளைகள் இவ்வாயிலையே பயன்படுத்திப் பெருந்தொகையினராய் நுழைந்தனர். ஹாவாட்டில் 1900 இல் நூற்றுக்கு 7 ஆக இருந்த யூத மாணவர் தொகை 1922 இல் 21 ஆகவும், 1925 இல் 27 இற்கு மேலாகவும் உயர்ந்தது.

கல்லூரித் தலைவராயிருந்த லோறன்ஸ் லோவெல், யூதர் தொகைக்கு வெளிப்படையாகவே ஓர் எல்லை விதிக்க வேண்டுமென 1922 இல் முன்மொழிந்தார். எதிர்ப்பு மூண்டது, ஆராய நியமிக்கப்பட்ட குழு 1923 இல் அம்முன்மொழிவை ஏற்க மறுத்தது. வெளிப்படையாகச் செய்ய இயலாதது பின்னர் மறைமுகமாகச் செய்யப்பட்டது. விண்ணப்பதாரியின் அல்லது தந்தையின் பெயர் பிறப்பின் பின் மாற்றப்பட்டதா என 1922 இலேயே படிவம் வினவத் தொடங்கியிருந்தது. 1926 இல் முதலாண்டு வகுப்பு ஆயிரம் பேருக்கு மட்டுப்படுத்தப்பட்டு, குணநலன், தலைமைத்துவம், ஆளுமை என்பன தெரிவின் அளவுகோல்களாயின, புகைப்படமும் கோரப்பட்டது. 1930களின் முற்பகுதியில் யூதர் தொகை நூற்றுக்கு 15 அளவிற்கு வீழ்ந்தது. மாணவனிடம் முழு உண்மையை எதிர்பார்த்த அதே படிவம், தன்னை ஆக்கியோரின் நோக்கத்தை எங்கும் வெளியிடவில்லை.

இவ்வளவுகோல்கள் முற்றிலும் புதியனவல்ல. 1902 இல் இறந்த செசில் றோட்ஸ் தமது புலமைப்பரிசிலுக்கு விதித்த தகைமைகளிலே கல்வியோடு விளையாட்டும் தலைமைப் பண்பும் இடம்பெற்றன. விளையாட்டு வீரனே தலைவனாவான் என்னும் ஆங்கிலேய உயர்குடிப் பாடசாலை இலட்சியம் அது. அதில் நன்மை இல்லையென்று கூறுவதற்கில்லை. ஆயின், ஒரு வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. பரீட்சைத் தாளை வேறொருவர் மீளத் திருத்திப் புள்ளி சரியா எனக் காணலாம். தலைமைத்துவத்தை அவ்வாறு அளந்து காண இயலாது. அளக்க இயலாமையே வாயில் காப்போருக்கு வாய்ப்பாயிற்று. பிற்காலத்திற் பொய்யருக்கும் அதுவே வாய்ப்பாயிற்று.

2019 மார்ச்சில் 50 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டபோது இது வெளிப்பட்டது. வில்லியம் சிங்கர் என்னும் அனுமதி ஆலோசகர், போலித் தருமஸ்தாபனமொன்றின் மூலம் பெற்றோரிடம் பணம் பெற்றுப் பயிற்றுநர் சிலருக்கு இலஞ்சம் வழங்கினார். படகு வலித்தறியாதோர் படகோட்டிகளாயினர். வேறொருவன் உடலிலே மாணவன் முகம் பொருத்தப்பட்ட படங்களும் உருவாயின. விளையாட்டு ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பது, ஹாவாட்டுக்கு எதிராக 2018 இல் விசாரிக்கப்பட்ட வேறொரு வழக்கினால் விளங்கும். பயிற்றுநர் தெரிவுசெய்த வீரரில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் அங்கு அனுமதி பெற்றிருந்தனர். சிங்கருக்கு 2023 இல் மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அவ்வழக்கிலே மற்றொன்றும் தெரியவந்தது. ஆசிய வம்சாவளி மாணவர் கல்வியிலும் புறக்கிருத்தியங்களிலும் சராசரியாக வெள்ளையரை விஞ்சியிருந்தும், ஆளுமைக்கான தரத்திற் குறைவாகவே பெற்றனர். வேண்டுமென்று பாரபட்சம் காட்டப்படவில்லையென 2019 இற் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம் 2023 இல் இனத்தைக் கருதும் அனுமதி முறையை நீக்கியது. ஆளுமையும் புறக்கிருத்தியங்களும் அளவுகோல்களாகவே நிலைத்தன.

சிங்கரின் வழியிற் செல்லாத சாதாரண மாணவரின் பொய்யோ சிறிது: இருமுறை கூடிய மன்றத்துக்குத் தலைவர், சில நாட் சேவைக்குப் பல வாரக் கணக்கு. இவை நீதிமன்றம் செல்வதில்லை. மறுபுறத்தே, மாலையிற் கடையில் வேலைசெய்பவனும் வீட்டிலே தம்பி தங்கையரைப் பராமரிப்பவளும் அவற்றைச் செயற்பாடாகக் கருதாது படிவத்தை வெறுமையாக விடுதலுமுண்டு. பொது விண்ணப்பம் இவ்விரண்டையும் ஏற்பதை அவர்களுக்குச் சொல்வார் வேண்டும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரிகளில் ஒரு பகுதியினரைத் தெரிந்தெடுத்து, எழுதியவற்றுக்குச் சான்று கேட்கின்றது.