குகைவாசிகளும் ரோமப் பேரரசின் பலிச் சான்றிதழும்

வெள்ளிக்கிழமைதோறும் சூரா அல்கஹ்ஃப் ஓதுகிறோம். தூங்கி எழுந்த குகைவாசிகள் தங்களில் ஒருவரை வெள்ளிக்காசுடன் ஊருக்குள் அனுப்பி, தூய்மையான உணவைப் பார்த்து வாங்கிவரச் சொன்னதாக 18:19 வசனம் கூறுகிறது. நீண்ட காலப் பசியிலும் அப்படியொரு நிபந்தனை ஏன்? அவ்வூர் மக்கள் சிலைகளுக்காக அறுத்துவந்தனர், அதனால்தான் ஹலாலான உணவைத் தேடச் சொன்னார்கள் என்று முஃபஸ்ஸிர்களில் சிலர் விளக்கியுள்ளனர்.

பண்டைய மத்தியதரைக் கடல் நாடுகளின் வழிபாட்டுச் சடங்குகளை ஆராய்ந்தவர்கள் கண்டெடுத்த ஒரு சான்று இங்கே கவனிக்கத்தக்கது. கி.பி. 249இல் ஆட்சிக்கு வந்த ரோமப் பேரரசர் டீசியஸ், பேரரசில் வாழும் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என ஆணையிட்டார். யூதர்களுக்கு மட்டும் விலக்கு. பலியிட வேண்டும், மது ஊற்றிப் படைக்க வேண்டும், பலி இறைச்சியைச் சுவைக்கவும் வேண்டும். இவற்றை அதிகாரிகள் முன்னிலையில் செய்து, கையொப்பமிட்ட சான்றிதழ் பெற வேண்டும். மறுத்தவர்களுக்குச் சிறையும் சித்திரவதையும், சிலருக்கு மரணமும் காத்திருந்தன.

அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் வறண்ட மண்ணில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1893இல் வெளியிடப்பட்டது. ஒன்று, முதலைத் தெய்வத்தின் பெண் பூசாரிக்கு வழங்கப்பட்டது. கோயில் ஊழியம் செய்தவளே சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்றால், ஓரிறையை நம்பிய இளைஞர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

தப்ஸீர்களில் வரும் 'தக்யானூஸ்' என்ற அரசன் பெயர் இந்த டீசியஸையே குறிக்கிறது. கிறிஸ்தவ மரபு, சம்பவம் இன்றைய துருக்கியிலுள்ள எபேசு நகரில் நடந்தது என்கிறது. ஆனால் குர்ஆன் ஊரையும் சொல்லவில்லை, அரசனையும் சொல்லவில்லை. ஆகவே இதை வரலாற்றுத் துணைச்செய்தியாக வைத்துக்கொள்ளலாம், அகீதாவாக்கக் கூடாது. குகைவாசிகளின் எண்ணிக்கை குறித்தே தர்க்கம் வேண்டாம் என்கிறது 22ஆம் வசனம்.

சிலைவணக்கச் சடங்குகளைப் படிப்பது ஈமானுக்கு ஆபத்தாகாதா என்று கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதுண்டு. கூஃபாவைச் சேர்ந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ, அரபுகளின் சிலைகளைப் பற்றியே 'கிதாபுல் அஸ்னாம்' என்ற நூலை எழுதினார். ஷிர்க் எப்படி வேர்விட்டது என்பதை அறிவது வேறு, அதில் பங்கெடுப்பது வேறு.

இந்த ஆராய்ச்சி நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. ரோமர்கள் இறந்த பேரரசர்களைத் தெய்வமாக்கி வழிபட்டார்கள். வியன்னாவில் பாதுகாக்கப்படும் பியூட்டிங்கர் வரைபடத்தில், சேரநாட்டு முசிறித் துறைமுகத்தின் அருகே 'அகஸ்டஸ் கோயில்' என்று குறித்திருக்கிறது. பட்டணம் அகழாய்வில் ரோமச் சாடிகளின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கோயில் இதுவரை கிடைக்கவில்லை.

கோவை, கரூர் வட்டாரங்களில் ரோமக் காசுகள் புதையல்களாக அகப்பட்டுள்ளன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளின் தொகுப்பு இருக்கிறது. அடையாறிலிருந்தோ தி.நகரிலிருந்தோ பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போங்கள். திபேரியஸின் வெள்ளிக்காசு கண்ணில் பட்டால், தலையைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளில் 'திவி' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் மகன் என்று அவர் தம்மை அறிவித்துக்கொண்ட வாசகம் அது.