கலை அரசி தட்டும் கோச்சடையான் கண்ணும்

எங்க தூத்துக்குடியில அசல் முத்து எது, போலி எதுன்னு ஒரே பார்வையில சொல்லிடுவோம்னு ஒரு பெருமை உண்டு. (பெரிய முத்துக்குளிப்பு 1961லயே நின்னு போச்சு, பெருமை மட்டும் மிச்சம்!) சினிமா கிராபிக்ஸையும் அந்தக் கண்ணாலதான் பாக்குறேன்.

1963ல் வந்த ‘கலை அரசி’யில் பானுமதியை வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் தூக்கிட்டுப் போவாங்க. தட்டு பொம்மைதான்னு பார்த்ததும் தெரியும், உறுத்தாது. ‘எந்திரன்’ (2010) கடைசியில சிட்டிகள் எல்லாம் சேர்ந்து உருண்டையாகி, பாம்பாகி நிக்கிறதும் அப்படித்தான். அது நிஜம்னு நம்மகிட்ட சாதிக்கவே இல்லையே!

‘கோச்சடையான்’ (2014) ராஜா கதை, அறிவியல் புனைவு இல்லை. ஆனா சிக்கல் பளிச்சுன்னு தெரிவது அதிலதான். மோஷன் கேப்சர்ல ரஜினியோட நடை வந்துச்சு, கண்ணுல உயிர் வரலை. மனுசச் சாயல் கூடக் கூடப் பிடிக்கும், அசலை நெருங்குற இடத்துல திடீர்னு ஒவ்வாமல் போகும்னு ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970லயே எழுதிட்டார். 2001ல் அச்சு அசல் மனுச முகம் செய்யப் போன ‘ஃபைனல் ஃபேண்டஸி’ படம் ஊத்திக்கிச்சு, எடுத்த ஸ்டுடியோவையே மூடிட்டாங்க.

‘அயலான்’ (2024) ஆட்கள் விவரம். வேற்றுக்கிரகவாசிக்கு சித்தார்த்தோட குரலை மட்டும் வாங்கிக்கிட்டாங்க, முகத்தைக் கேக்கலை.